எதிர்மின்னிக் குறுக்குவெட்டு வரைவியலில் பல்லிடப் படப்பதிவு

பல்லிடப் படப்பதிவு என்பது, எதிர்மின்னி நுண்ணோக்கியைக் கொண்டு செய்யப்படும் குறுக்குவெட்டு வரைவியலில், மாதிரி மேடையை ஒவ்வொரு கோணத்துக்கும் ஒருமுறை மட்டுமே சாய்த்து, அந்தச் சாய்விலேயே மாதிரியின் பல இடங்களை அடுத்தடுத்துப் படம்பிடிக்கும் முறையாகும். ஓர் இடத்துக்கு மேடையை நகர்த்துவதற்குப் பதிலாக, எதிர்மின்னிக் கற்றையையும் பிம்பத்தையும் மின்காந்தச் சுருள்களால் நகர்த்தி அந்த இடத்தை ஒளிப்படக் கருவியின் பார்வைக்குள் கொண்டுவருவது இதன் அடிப்படை. உயிரணுக்கள், நச்சுயிரிகள், புரதத் தொகுதிகள் ஆகியவற்றின் முப்பரிமாண அமைப்பை அறியும் ஆய்வுகளில் இம்முறை பயன்படுகிறது.

இம்முறையில் படம்பிடிப்பதைவிட அதற்கு முன் செய்யும் அமைப்பு வேலையே கடினமானது. உறைநிலை மாதிரிகளைப் பார்ப்பதே அவற்றைச் சிதைக்கும். ஆகவே ஓர் இடம் எங்கே இருக்கிறது என்பதை அடிக்கடி பார்த்துச் சரிசெய்ய இயலாது. மேடை சாயும்போது ஒவ்வோர் இடமும் எங்கே போகும், எவ்வளவு உயரும் அல்லது தாழும் என்பதைக் கணக்கிட்டு முன்கூட்டியே அறிய வேண்டும்.

## அடிப்படை

எதிர்மின்னிக் கற்றை மெல்லிய மாதிரியை ஊடுருவிச் சென்று உண்டாக்கும் படம் ஒரு வீழல் மட்டுமே. மாதிரியின் மேற்பகுதியும் அடிப்பகுதியும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே தளத்தில் தெரியும். எது மேலே, எது கீழே என்று ஒரு படத்தைக் கொண்டு கூற முடியாது. ஒரே இடத்தைப் பல கோணங்களில் படம்பிடித்தால் அந்த வீழல்களிலிருந்து முப்பரிமாண அமைப்பைக் கணிக்கலாம். மருத்துவமனைகளில் உள்ள சி. டி. ஸ்கேன் கருவியும் இதே கொள்கையில் இயங்குவதே. அங்கே கதிர்மூலம் நோயாளியைச் சுற்றி வருகிறது. இங்கே கற்றை அசையாமல் இருக்க, மாதிரி சாய்கிறது.

இவ்வாறு பெறப்படும் படவரிசை *சாய்வுத் தொடர்* எனப்படும். பெரும்பாலும் −60 பாகை முதல் +60 பாகை வரை 3 பாகை இடைவெளியில் 41 படங்கள் எடுக்கப்படுகின்றன. இதற்கு மூன்று வரம்புகள் உள்ளன.

* விடுபட்ட ஆப்பு: 180 பாகையில் 120 பாகை மட்டுமே பதிவாவதால், ஃபூரியே வெளியில் மூன்றில் ஒரு பங்குத் தகவல் ஆப்பு வடிவில் விடுபட்டுப் போகிறது. இதனால் கணித்துப் பெற்ற உருவம் கற்றையின் திசையில் நீண்டு தோன்றும்.
* தடிமன்: 60 பாகை சாய்வில் கற்றை கடக்க வேண்டிய தடிமன் இரு மடங்காகிறது. ஆகவே 100 முதல் 200 நானோமீட்டர் தடிமனுள்ள மாதிரிகளே ஏற்றவை. முழு உயிரணு இதைவிடத் தடித்தது என்பதால், அயனிக் கற்றையால் செதுக்கி மெல்லிய தகடாக்குவர்.
* கதிர்வீச்சு அளவு: உயிர்ப்பொருள் தாங்கக்கூடிய எதிர்மின்னிகளின் அளவு மிகக் குறைவு. ஒரு முழுத் தொடருக்கும் சேர்த்து ஒரு சதுர ஆங்சுட்ராமுக்கு ஏறத்தாழ 120 எதிர்மின்னிகள் என்று வைத்துக்கொண்டால், ஒரு படத்துக்கு மூன்று எதிர்மின்னிகளே கிடைக்கும். மிக நுண்ணிய விவரங்கள் முதல் சில படங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும்.

## வரலாறு

வீழல்களிலிருந்து உருவத்தை மீட்கலாம் என்பதற்கான கணிதத்தை ஆஸ்திரியக் கணிதவியலாளர் யோகான் ராடோன் 1917இல் வெளியிட்டார். எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் க்னோலும் 1931இல் முதல் எதிர்மின்னி நுண்ணோக்கியை அமைத்தனர். இவ்விரண்டும் இணைய நெடுங்காலம் ஆயிற்று. 1968இல் கேம்பிரிட்ஜில் டேவிட் டிரோசியரும் ஆரன் குளுக்கும், பாக்டீரியாக்களைத் தாக்கும் டி4 நச்சுயிரியின் வால் பகுதியை நுண்ணோக்கிப் படத்திலிருந்து முப்பரிமாணத்தில் மீட்டுருவாக்கினர். அந்த வால் சுருள் சமச்சீர் உடையது என்பதால் ஒரு படமே போதுமானதாக இருந்தது. சமச்சீர் இல்லாத பொருள்களுக்குச் சாய்வுத் தொடர் தேவைப்பட்டது.

இத்துறையில் இந்தியப் பங்களிப்பு ஒன்று அடித்தளமாக அமைந்துள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையை 1952 முதல் நடத்தி, பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குச் சென்ற ஜி. என். இராமச்சந்திரன், ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் இணைந்து 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எக்ஸ்-கதிர்ப் படங்கள், எதிர்மின்னி நுண்படங்கள் ஆகிய இரண்டிலிருந்தும் முப்பரிமாண உருவத்தை மீட்கும் வழியை அது விளக்கியது. ஃபூரியே மாற்றத்தைப் பயன்படுத்தாமல், ஒவ்வொரு வீழலையும் கன்வல்யூஷன் என்னும் கணிதச் செயலால் சீர்செய்து, வந்த திசையிலேயே மீண்டும் பரப்பிக் கூட்டினால் போதும் என்று அவர்கள் காட்டினர். அக்காலக் கணினிகளில் இது பெருமளவு நேரத்தை மிச்சப்படுத்தியது. இன்றும் சாய்வுத் தொடர்களிலிருந்து உருவத்தை மீட்கும் மென்பொருட்களில் இந்த வகையைச் சேர்ந்த பின்வீழ்த்தல் முறை வழக்கில் உள்ளது.

1980களின் தொடக்கத்தில் ஜாக் துபோஷே குழுவினர், மாதிரியை மிக விரைவாகக் குளிர்வித்து, நீர் படிகமாகாமல் கண்ணாடிபோல் உறையச் செய்யும் முறையை உருவாக்கினர். இதற்காக அவருக்கு, யோக்கிம் ஃபிராங்க், ரிச்சர்ட் ஹென்டர்சன் ஆகியோருடன் 2017ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1990களில் மின்னணு ஒளிப்படக் கருவிகள் வந்தபின் சாய்வுத் தொடரைக் கணினியே பதிவு செய்யத் தொடங்கியது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் டேவிட் மாஸ்ட்ரோனார்டே எழுதிய சீரியல்ஈஎம் மென்பொருள், முந்தைய சாய்வுகளில் மாதிரி நகர்ந்த விதத்தைக் கொண்டு அடுத்த நகர்வை முன்கணிக்கும் முறையைக் கையாண்டது. இதைப் பற்றிய அவரது கட்டுரை 2005இல் வெளிவந்தது.

## ஓரிடப் பதிவின் குறைபாடு

வழக்கமான முறையில் ஒரு நேரத்தில் ஓர் இடம் மட்டுமே பதிவு செய்யப்படுகிறது. ஒவ்வொரு கோணத்திலும் மேடை சாய வேண்டும். அதிர்வு அடங்கக் காத்திருக்க வேண்டும். பக்கத்தில் உள்ள வேறொரு பகுதியைப் படம்பிடித்து நகர்வையும் குவியத்தையும் சரிபார்க்க வேண்டும். அதன் பின்னரே உண்மையான படம் எடுக்கப்படும். நேரத்தின் பெரும்பகுதி காத்திருப்பதில் கழிகிறது.

ஓர் எடுத்துக்காட்டு: மேடை சாய்ந்து நிலைகொள்ளவும் சரிபார்க்கவும் 30 நொடியும், ஓர் இடத்தைப் படம்பிடிக்க 6 நொடியும் ஆகும் எனக் கொள்வோம்.

* ஓரிடப் பதிவு: 41 × 36 = 1476 நொடி; ஏறத்தாழ 25 நிமிடம். பத்து இடங்களுக்கு நான்கு மணி நேரத்துக்கும் மேல்.
* பத்து இடங்களுக்கான பல்லிடப் பதிவு: 41 × (30 + 60) = 3690 நொடி; ஏறத்தாழ 62 நிமிடம். ஓர் இடத்துக்கு ஆறு நிமிடம் மட்டுமே.

இந்த வேறுபாடு வசதிக்காக மட்டும் அன்று. ஒரு புரதத்தின் நுண்ணிய அமைப்பை அறிய, பல உருவங்களில் காணப்படும் அதன் ஆயிரக்கணக்கான பிரதிகளைச் சேர்த்துச் சராசரி காண வேண்டும். உயிரணுவில் அரிதாகக் காணப்படும் ஒரு தொகுதியை ஆராய்வோருக்கு நூற்றுக்கணக்கான தொடர்கள் தேவைப்படலாம். நுண்ணோக்கியில் கிடைக்கும் நேரமோ ஓரிரு நாள்கள்தாம்.

## வடிவியல்

ஒரு முறத்தில் சில நெல்மணிகளை ஒட்டிவைத்து, முறத்தின் நடுக்கோட்டை அச்சாகக் கொண்டு சாய்ப்பதாகக் கொள்வோம். நடுக்கோட்டின் மேல் உள்ள மணிகள் இருந்த இடத்திலேயே இருக்கும். கோட்டிலிருந்து விலகியவை ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் இறங்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு அவை நடுக்கோட்டை நெருங்கி வருவதுபோல் தெரியும். மாதிரி மேடையிலும் இதுவே நிகழ்கிறது.

சாய்வு அச்சிலிருந்து செங்குத்தாக 5 மைக்ரோமீட்டர் தொலைவில், அச்சின் அதே உயரத்தில் இருக்கும் ஓர் இடத்துக்கான கணக்கு பின்வருமாறு. உயர மாற்றம் என்பது தொலைவை, சாய்வுக் கோணத்தின் சைனால் பெருக்கக் கிடைப்பது. தெரியும் தொலைவு என்பது கோசைனால் பெருக்கக் கிடைப்பது.

* 0 பாகை: உயர மாற்றம் 0, தெரியும் தொலைவு 5.00 மைக்ரோமீட்டர்
* 20 பாகை: உயர மாற்றம் 1.71, தெரியும் தொலைவு 4.70
* 40 பாகை: உயர மாற்றம் 3.21, தெரியும் தொலைவு 3.83
* 60 பாகை: உயர மாற்றம் 4.33, தெரியும் தொலைவு 2.50

உறைநிலைப் படங்கள் பொதுவாக 2 முதல் 5 மைக்ரோமீட்டர் வரையான குவிய விலகலில் எடுக்கப்படுகின்றன. எனவே 4.33 மைக்ரோமீட்டர் உயர மாற்றத்தை ஈடுசெய்யாவிட்டால் படம் பயனற்றதாகிவிடும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு கோணத்திலும் மென்பொருள் வில்லையின் குவியத்தைத் தனித்தனியே மாற்ற வேண்டும்.

மேற்கண்ட கணக்கு, அந்த இடம் அச்சின் உயரத்திலேயே இருப்பதாகக் கொள்கிறது. மாதிரித் தகடு உண்மையில் வளைந்தும் நெளிந்தும் இருக்கும். ஓர் இடம் 0.3 மைக்ரோமீட்டர் உயரப் பிழையுடன் இருந்தால், 60 பாகை சாய்வில் அதன் பிம்பம் 0.26 மைக்ரோமீட்டர் விலகும். 4096 படவணுக்கள் அகலமுள்ள கருவியில் ஒரு படவணு 2 ஆங்சுட்ராம் என்றால், முழுப் பார்வைப் பரப்பே 0.82 மைக்ரோமீட்டர்தான். பார்வையின் மூன்றில் ஒரு பங்கு பறிபோய்விடும்.

ஆனால் இப்பிழை ஒரே தாவலில் வருவதில்லை. 0 பாகையிலிருந்து 3 பாகைக்குச் செல்லும்போது விலகல் 16 நானோமீட்டர். 57 பாகையிலிருந்து 60 பாகைக்கு 8 நானோமீட்டர் மட்டுமே. ஆகவே ஒவ்வொரு படத்தையும் அதே பக்கத்தின் முந்தைய படத்துடன் ஒப்பிட்டு, விலகலை அளந்து, அதிலிருந்து அந்த இடத்தின் உண்மையான உயரத்தைக் கணித்துத் திருத்திக்கொண்டே செல்லலாம். பதிவுப் படங்களே வழிகாட்டிகளாகவும் அமைவதால், இதற்கெனக் கூடுதல் எதிர்மின்னி செலவாவதில்லை. பல்லிடப் பதிவை நடைமுறைக்குக் கொண்டுவந்த கருத்து இதுவே.

## அமைக்கும் முறை

மென்பொருளுக்கு மென்பொருள் பெயர்கள் மாறினாலும் வேலையின் ஒழுங்கு பெரும்பாலும் ஒன்றே.

1. அளவுத்திருத்தம்: பிம்பப் பெயர்ச்சியின் அளவும் திசையும், சாய்வு அச்சின் திசை, அந்த அச்சு கருவியின் ஒளியியல் மையத்திலிருந்து விலகியுள்ள தொலைவு ஆகியவை முதலில் அளக்கப்படுகின்றன. கற்றையை மையத்திலிருந்து நகர்த்தும்போது அது சிறிது சாய்ந்து, கோமா என்னும் பிம்பப் பிழையும் புள்ளிக்குவியமில்லாமையும் உண்டாகும். நகர்வுக்கு ஏற்ப இவற்றை ஈடுசெய்யும் அளவுகளும் பதிவு செய்யப்பட வேண்டும்.
2. வரைபடம்: 3 மில்லிமீட்டர் அகலமுள்ள மாதிரி வலைத்தட்டு முழுவதும் குறைந்த உருப்பெருக்கத்தில் படம்பிடிக்கப்படுகிறது. பனி மிகத் தடித்த, கிழிந்த, அழுக்கடைந்த பகுதிகள் இங்கேயே விலக்கப்படும்.
3. சமமைய உயரம்: மேடையைச் சாய்த்தாலும் பிம்பம் பக்கவாட்டில் நகராத உயரத்துக்கு மாதிரி கொண்டுவரப்படுகிறது. இதில் அவசரம் காட்டினால் பின்வரும் எல்லாக் கணக்குகளும் தவறும்.
4. தொடக்கச் சாய்வு: அயனிக் கற்றையால் செதுக்கப்பட்ட தகடு வலைத்தட்டுக்கு ஏறத்தாழ 10 பாகை சாய்ந்திருக்கும். இதைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அச்சிலிருந்து 5 மைக்ரோமீட்டர் தொலைவில் 0.88 மைக்ரோமீட்டர் உயரப் பிழை வரும். 60 பாகை சாய்வில் பார்வைப் பரப்பின் பெரும்பகுதி விலகிப்போக இதுவே போதும். ஆகவே தகடு கற்றைக்குச் செங்குத்தாக அமையும் கோணத்தைத் தொடக்கமாகக் கொள்வர்.
5. வழிகாட்டி இடம்: முதலில் பதிவாகும் இடமே மற்றவற்றுக்கு வழிகாட்டி. அதில் தெளிவான அடையாளங்கள் இருக்க வேண்டும். எல்லாக் கோணங்களிலும் அது மறைக்கப்படாமல் இருக்க வேண்டும்.
6. இலக்குகளைத் தெரிவு செய்தல்: மற்ற இடங்கள் இடைநிலை உருப்பெருக்கப் படத்தில் குறிக்கப்படுகின்றன. துளைகள் சீரான இடைவெளியில் அமைந்த கரிப்படலத்தில், புள்ளிக் கோலத்தின் புள்ளிகளைப்போல் இலக்குகளை வரிசையாக அமைக்கலாம். உயிரணுத் தகட்டிலோ ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும்.
7. இடைவெளி: 1.5 மைக்ரோமீட்டர் அகலமுள்ள கற்றை, 60 பாகை சாய்ந்த மாதிரியின் மேல் அச்சுக்குச் செங்குத்தான திசையில் 3 மைக்ரோமீட்டர் நீளத்துக்குப் பரவும். அத்திசையில் இலக்குகளுக்கு இடையே குறைந்தது அந்த அளவு இடைவெளி தேவை. இல்லாவிடில் ஓர் இடத்தின் பதிவு அடுத்த இடத்தைச் சிதைக்கும். அச்சின் திசையில் நெருக்கமாக வைக்கலாம்.
8. சாய்வு வரிசை: 0, +3, −3, −6, +6, +9, −9 என இருபுறமும் மாறி மாறிச் செல்லும் வரிசை விரும்பப்படுகிறது. விம் ஹேகன், வில்லியம் வான், ஜான் பிரிக்ஸ் ஆகியோர் 2017இல் விவரித்த இம்முறையில், மாதிரி சிதையும் முன் எடுக்கப்படும் நல்ல படங்கள் சிறிய கோணங்களுக்கு அமைகின்றன.
9. ஒத்திகை: தொடங்குமுன், குறைந்த கற்றைச் செறிவில் மேடையை இரு எல்லைக் கோணங்களுக்கும் சாய்த்துப் பார்ப்பது நலம். வலைத்தட்டின் கம்பியோ பனித்துண்டோ இலக்கை மறைக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

## ஏற்படும் பிழைகள்

பல்லிடப் பதிவின் பெரிய இடர், ஒன்று தவறினால் பத்தும் தவறும் என்பதே. வழிகாட்டி இடம் பிடிபடாமல் போனால் அதைச் சார்ந்த எல்லா இடங்களும் ஒரே திசையில் விலகும். ஓரிடப் பதிவில் இழப்பு ஒரு தொடர் மட்டும்; இங்கே ஒரு தகடு முழுவதும். செதுக்கிய தகடு ஒன்றைப் பெறுவதற்கே பல நாள் உழைப்பு தேவை என்பதால் இது சிறிய இழப்பு அன்று.

சாய்வு கூடும்போது மாதிரி தடித்துப் படத்தின் தெளிவு குறைகிறது. அப்போது குறுக்கு ஒட்டுறவு முறையால் செய்யப்படும் ஒப்பீடு, மாதிரியை விட்டுவிட்டுத் துளையின் விளிம்பையோ ஒரு பனித்துகளையோ பற்றிக்கொள்வதுண்டு. மென்பொருள் எவ்விதக் குறையும் அறிவிக்காமல் தொடர்ந்து ஓடும். தவறு மறுநாள்தான் தெரியவரும். ஆகவே ஒரு கோணத்திலிருந்து அடுத்த கோணத்துக்கு ஏற்படும் நகர்வுக்கு ஓர் உச்ச வரம்பு வைத்து, அதை மீறினால் அந்த இலக்கை மட்டும் கைவிட்டு மற்றவற்றைத் தொடரச் செய்வது பாதுகாப்பானது.

கருவி தானாக நீர்ம நைட்ரசனை நிரப்பிக்கொள்ளும் வேளையில் அதிர்வும் நகர்வும் ஏற்படும். நிரப்பி முடிந்து நிலைகொள்ளும் வரை பதிவை நிறுத்திவைக்க வேண்டும்.

## மென்பொருட்கள்

சீரியல்ஈஎம் பல நிறுவனங்களின் நுண்ணோக்கிகளிலும் இயங்கக்கூடியது. பயனர் தம் கட்டளைத் தொகுப்புகளை எழுதிச் சேர்க்கவும் இடம் தருகிறது. கற்றை-பிம்பப் பெயர்ச்சியால் பதிவை விரைவாக்கும் பைசெக்ட் முறை 2021இல் வெளியானது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஃபேபியன் ஐசன்ஸ்டைன், ராடோஸ்டின் டானெவ் உள்ளிட்டோர் உருவாக்கிய பேஸ்-டோமோ, சீரியல்ஈஎம்மில் இயங்கும் பைத்தான் நிரல் தொகுப்பாகும். இது நேச்சர் மெத்தட்ஸ் இதழில் 2023இல் விவரிக்கப்பட்டது. செதுக்கிய தகடுகளில் ஒழுங்கற்று அமைந்த இடங்களையும் இணையாகப் பதிவு செய்ய இது வழி செய்தது. நுண்ணோக்கி நிறுவனங்களின் சொந்த மென்பொருட்களிலும் இவ்வசதி பின்னர் சேர்க்கப்பட்டது.

## இந்தியாவில்

பெங்களூரு உயிர் அறிவியல் தொகுதியில், மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் நிதியுதவியுடன் அமைந்த தேசிய உறைநிலை எதிர்மின்னி நுண்ணோக்கி மையம் 2017இல் தொடங்கப்பட்டது. 300 கிலோவோல்ட்டில் இயங்கும் டைட்டன் கிரையோஸ் நுண்ணோக்கியும், 4096 × 4096 படவணுக்கள் கொண்ட ஃபால்கன் 3 உணரியும் அங்கு நிறுவப்பட்டன. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த வினோத்குமார் இதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். அவர் முன்னர் கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் ஹென்டர்சனுடன் பணியாற்றியவர்.

பல நிறுவனங்களின் ஆய்வாளர்கள் பகிர்ந்துகொள்ளும் இத்தகைய மையங்களில் பல்லிடப் பதிவின் மதிப்பு கூடுகிறது. தொலைவிலிருந்து உறைந்த மாதிரியை நீர்ம நைட்ரசன் கலத்தில் எடுத்துவரும் மாணவருக்கு, அந்த ஒரு முறை ஒதுக்கப்பட்ட நேரத்தில் ஐந்து தொடர்கள் கிடைக்கின்றனவா ஐம்பது கிடைக்கின்றனவா என்பது ஆய்வின் போக்கையே மாற்றக்கூடும்.

## வரம்புகள்

பிம்பப் பெயர்ச்சியின் எல்லை சில மைக்ரோமீட்டர்களே என்பதால், தொலைவில் உள்ள இடங்களை ஒரே தொகுப்பில் சேர்க்க இயலாது. மையத்திலிருந்து விலக விலகப் பிம்பப் பிழை கூடும். மிக அரிதான ஒரே ஒரு பொருளை ஆராய்வோருக்கு, கவனமாகச் செய்யப்படும் ஓரிடப் பதிவே ஏற்றது. விடுபட்ட ஆப்பையும் கதிர்வீச்சுச் சிதைவையும் இம்முறை நீக்குவதில்லை. இது மிச்சப்படுத்துவது, மேடை சாய்ந்து அடங்கக் காத்திருக்கும் நேரத்தை மட்டுமே.

## இவற்றையும் பார்க்க

* எதிர்மின்னி நுண்ணோக்கி
* ஜி. என். இராமச்சந்திரன்
* ஃபூரியே மாற்றம்
* கணித்த குறுக்குவெட்டு வரைவி
* நச்சுயிரி